மூன்று மாமாக்களுக்கு ஒரு ஜோடி கையுறை

நரீன்,
4 அக்டோபர் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் வீட்டு ஆட்களும் ஆடுகளும் நலமா? ஆடுகளைத்தான் முதலில் கேட்டிருப்பேன். அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள், அதனால் வரிசையை மாற்றிவிட்டேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மாவுக்கு என்னால் தலைவலி, எனக்கு ஒரு வலியும் இல்லை.

கல்யாணமாகிப் போனதிலிருந்து நீ எழுதியது இரண்டே கடிதம். போன் பண்ணலாம் என்றால் உங்கள் பக்கத்துக் கம்பியை யாரோ அறுத்துச் செம்புக்கு விற்றுவிட்டார்களாம். ஆகவே இனி கம்பியை நம்பாமல், நிலக்கரி லாரி ஓட்டுகிற ஓஸ்மோன் அண்ணனை நம்புவோம். அவர்தான் செய்தியும் சொன்னார்: துமான் கணவாய் சாலை நிலையத்தில் உனக்கு வேலை. வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து, பனி தள்ளும் வண்டிகளுக்கு எங்கே போகணும், எங்கே நிற்கணும் என்று சொல்கிற வேலை.

"ஒங்கக்கா ஒரு வார்த்தை சொன்னா நாலு வண்டி நிக்குது" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த வீட்டில் நீ சொல்லி நான் ஒரு நாளும் நின்றதில்லையே. பனிக்குப் பயந்து நிற்கிறார்களா, உனக்குப் பயந்தா?

எல்லாவற்றையும் எழுது. சுருக்கி எழுதினால் பதிலுக்கு என் கணக்குப் பாடத்தை முழுசாக எழுதி அனுப்புவேன்.

இப்படிக்கு, உன் காலி அறையை ஆக்கிரமித்திருக்கும்
பூருல்

*

துமான் கணவாய்,
16 அக்டோபர்

அன்புத் தங்கை பூருலுக்கு,

இங்கே அனைவரும் நலம். அப்பாவின் முழங்காலுக்கு ஆட்டுக் கொழுப்பு தடவச் சொல். பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்ட ஆரம்பித்தார்களா? தொப்பி போடாமல் போகாதே.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. என் அறைச் சன்னலிலிருந்து மூன்று வளைவுகள்தான் தெரியும். மிச்சப் பாதை முழுவதும் காதால் பார்க்க வேண்டும். புதுப் பொறியாளர் ஷாம்பெத் தலைநகரில் பயிற்சி முடித்து வந்தவர். சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறார்: இரண்டு தலைகள், நடுவே போக ஒரு அம்பு, வர ஒரு அம்பு. கீழே மூன்று வரி. 'பெயரைச் சொல். செய்தியைச் சொல். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை விடாதே.'

இரண்டாவதும் மூன்றாவதும் சுலபம். முதலாவதுதான் கொஞ்சம் சிரமம். வண்டி ஓட்டும் நால்வரில் ஒருவர் என் மாமனார், ஒருவர் அவருடைய தம்பி, ஒருவர் அவருடைய பெரியப்பா மகன். இவர்கள் பெயர் மருமகள் வாயில் வரக்கூடாது என்பது உனக்குத் தெரியும். மூன்று பேரையும் மாமா என்றே கூப்பிடுகிறேன். வண்டிகளுக்கு எண் வைக்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன். "எண்ணு போட நாங்க என்ன ஆடா?" என்றார்கள்.

நாலாமவர் கெனாதி, ருஷ்யர். அவரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அவரும் "சொனூன், கேக்குதா?" என்பார். காலையில் அந்தச் சத்தம் கேட்க நன்றாக இருக்கிறது.

அம்மா, அப்பாவுக்கு என் வணக்கங்கள்.
உன் அக்கா

*

நரீன்,
21 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

ஆட்கள், ஆடுகள், அம்புகள் எல்லாம் சுகமா? இங்கே பள்ளியில் இன்னும் அடுப்பு மூட்டவில்லை. வரலாற்று ஆசிரியர் கையுறையோடு பாடம் நடத்துகிறார். அதனால் பலகையில் எழுதியது எந்த மன்னன் என்று யாருக்கும் தெரியாது.

உன் கடிதத்தைப் படித்து மூன்று முறை சிரித்தேன், நாலாம் முறை சிரிப்பு வரவில்லை. நாலு ஆண்கள் இருக்கிற இடத்தில் ஒரு ருஷ்யனுக்கு மட்டும்தான் பெயர் இருக்கிறதா? உன் மாமனார் பெயர் இமான்காஸி. இதோ பார், எழுதிவிட்டேன். இமான்காஸி. இமான்காஸி. கூரை விழவில்லை. பூனைகூடத் தலையைத் தூக்கவில்லை.

அம்மா ஏசுகிறாள். "அவ குடும்பத்த நடத்த வேணாமா? நீ ஒருத்தி கொள்ளிய எடுத்துக் குடுக்காத" என்கிறாள். அம்மா இன்றுவரை அப்பாவை "ஏய், இங்க பாருங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். ஒருநாள் சந்தையில் அப்படிக் கூப்பிட்டபோது பதினோரு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்களே, ஞாபகமிருக்கிறதா? அப்பா மட்டும் திரும்பவில்லை. சந்தையில் அது வேடிக்கை. உன் பாதையில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்.

இன்னொரு கேள்வி. அந்த வீட்டில் உன்னை யாராவது சொனூன் என்று கூப்பிடுகிறார்களா? தாலாய் அத்தான் வெளியூர் வேலையிலிருந்து வீட்டுக்கு வரும் நாட்களைக் கணக்கில் சேர்க்காதே.

தொப்பி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.
பூருல்

*

துமான் கணவாய்,
3 டிசம்பர்

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உடனே எழுத முடியவில்லை, வேலை அதிகம்.

இங்கே பனி இடுப்பளவு. வெங்காயம் இந்த வருடம் சிறுத்துவிட்டது, உரிக்கவே பாதி நாள் போகிறது. இறைச்சி ரசத்தில் உருளைக்கிழங்கு கூடப் போட்டால் எல்லோருக்கும் போதுமானதாக வருகிறது. ரொட்டி மாவு குளிரில் புளிக்க நேரமாகிறது, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் போர்த்திவிடுகிறேன். மாமியார் சுகம். உன் அத்தான் அடுத்த மாதம் வருவார்.

நீ நன்றாகப் படி. அம்மாவிடம் சண்டை போடாதே. நலம், நலம்.

இந்த வீட்டுச் சின்ன மருமகள்

*

நரீன்,
8 டிசம்பர்

அன்புள்ள வெங்காயத்துக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். ஒரே கடிதத்தில் மூன்று முறை நலம் என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டு நலத்துக்கு மேல் போனால் அது நோய் என்று அம்மாவே சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் நர்ஸாக இருப்பவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உன் கடிதம் வந்தது, அதில் நீ வரவில்லை. அக்டோபரில் சன்னல், வளைவு, அம்பு என்று எழுதியவள், டிசம்பரில் ரசம், மாவு, அடுப்பு என்று எழுதுகிறாள். வயர்லெஸ் என்ற சொல்லே இல்லை. கெனாதி இல்லை. கடைசியில் உன் பெயரும் இல்லை. கையெழுத்துப் போடுகிற இடத்தில் யாரோ ஒரு சின்ன மருமகள் நிற்கிறாள், எனக்கு அவளைத் தெரியாது.

உன்னை அந்த அறையிலிருந்து எடுத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் போட்டுவிட்டார்கள், இல்லையா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஓஸ்மோன் அண்ணன் திரும்பும்போது பதில் வராவிட்டால், லாரியில் நிலக்கரி மூட்டைகளுக்கு நடுவே நானே வந்து இறங்குவேன். ஏற்கனவே கறுப்புதான், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பூருல். (இதுதான் பெயர். பார், போடுவது எவ்வளவு சுலபம்.)

*

துமான் கணவாய்,
20 டிசம்பர்

அன்புள்ள பூருல்,

நலமா? நீ லாரியில் வர வேண்டாம். சொல்லிவிடுகிறேன்.

நவம்பரில் ஒரு நாள் கடும் மூடுபனி. மேலேயிருந்து நிலக்கரி லாரி இறங்குவதாகத் தகவல் வந்தது. பாதையில் ஒரு வண்டி போகத்தான் இடம். "மாமா, நாலாவது வளைவுல நில்லுங்க, லாரி எறங்குது" என்றேன். இரண்டு மாமாக்கள் நின்றுவிட்டார்கள், அவர்கள் நிற்க வேண்டியதே இல்லை. நிற்க வேண்டியவர் அது தன் தம்பிக்கு என்று நினைத்து மேலே போய்க்கொண்டே இருந்தார். கடைசி நிமிடத்தில் லாரியைப் பார்த்து ஒடித்ததில் அவருடைய புல்டோசரின் தகடு பாறையில் மோதி மடங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை.

அது என் மாமனாரின் வண்டி.

பொறியாளர் விசாரித்தார். "பொண்ணு தெளிவா பேசல" என்றார் மாமனார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பொறியாளர் படத்தின் முதல் வரியைக் காட்டி, ஏன் பெயர் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார். அவர்கள் மூவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். நான் என்ன சொல்வேன்? பொறியாளருக்கு நம் வழக்கம் தெரியாதா என்ன, அவருக்கும் வீட்டில் மனைவி இருக்கிறாள். ஆனாலும் அடுத்த நாளிலிருந்து நான் சமையல்.

என் இடத்தில் இப்போது மின்சார வேலை பார்க்கும் சபீர் உட்காருகிறான். மென்றுகொண்டே பேசுவான். யாருக்கும் ஒன்றும் புரியாது, ஆனால் அவன் பேச்சு தெளிவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை.

அம்மாவிடம் சொல்லாதே.
அக்கா

*

நரீன்,
27 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாதான் என்னிடம் சொன்னாள். உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தால் அவளுக்குக் கிடைக்காது என்று நினைத்தேன். படித்துவிட்டு ஏசவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. பாத்திரங்களை எல்லாம் இரண்டாம் முறை கழுவிக்கொண்டிருக்கிறாள்.

ஓஸ்மோன் அண்ணனிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளே அம்மா தைத்த ஆட்டுத்தோல் கையுறை ஒரு ஜோடி. உள்பக்கம் ரோமம், மணிக்கட்டுவரை நீளம். அமைச்சர்கூட இப்படி ஒன்றைப் போட்டிருக்க மாட்டார். மேலே முகவரி எழுதியிருக்கிறேன்: 'மாமாவுக்கு, சாலை நிலையம், துமான் கணவாய்.' அவ்வளவுதான். நீ அதைத் தொடாதே. கூடத்து மேசைமேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். யார் என்ன கேட்டாலும் உனக்குத் தெரியாது.

புத்தாண்டு வாழ்த்துகள். ஆடுகளுக்கும்.
பூருல்

*

நரீன்,
30 ஜனவரி 1996

அக்கா,

சுகமா? ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. கணவாய் மூடியிருக்கிறது என்கிறார்கள். கணவாய் மூடலாம், உன் வாயுமா?

கையுறை வந்ததா? அடி விழுந்ததா? என்மேல் கோபமா? எதுவானாலும் எழுது. ஏசியே எழுது, படிக்கச் சந்தோஷமாக இருக்கும். பள்ளியில் அடுப்பு ஒரு நாள் எரிந்தது, எல்லோரும் தூங்கிவிட்டோம்.

சிரிக்க வைக்கத்தான் இதை எழுதினேன். எனக்கே சிரிப்பு வரவில்லை.

பூருல்

*

துமான் கணவாய்,
18 பிப்ரவரி

அன்புள்ள பூருல்,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதை நேற்றுத்தான் திறந்தது.

கையுறை வந்தது. மூன்று மாமாக்களும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். வயதில் மூத்தவருக்குத்தான் வரும் என்றார் ஒருவர். சம்பந்தி வீட்டிலிருந்து மாமா என்று எழுதினால் அது மாமனார்தான் என்றார் இன்னொருவர். சின்னவர் போட்டுப் பார்த்துவிட்டு, தன் அளவுக்குத்தான் தைத்திருக்கிறது என்றார். கெனாதி சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கொட்டிவிட்டார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, இது யாருக்கு என்று கேட்டார்கள்.

நீ தெரியாது என்று சொல்லச் சொல்லியிருந்தாய். நான் அப்படிச் சொல்லவில்லை. "மாமாவுக்குத்தான். நாலாவது வளைவுல யாருக்குச் சொன்னேனோ அதே மாமாவுக்கு" என்றேன்.

மாமனார் கையுறையை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனார். அன்றிலிருந்து அது அங்கேயே தொங்கியது, யாரும் தொடவில்லை. உனக்கு எழுதக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள். அதனால்தான் பதில் இல்லை.

இந்த மாதம் பதினொன்றாம் தேதி, சபீருக்குத் தேநீர் கொண்டுபோனேன். அவன் அடுப்புக்கு நிலக்கரி எடுக்க வெளியே போயிருந்தான். மேல் காவல் குடிசையிலிருந்து வயர்லெஸ்ஸில் கத்துகிறார்கள்: மூன்றாவது வளைவுக்கு மேலே பனியில் வெடிப்பு விழுந்துவிட்டது, எந்த நேரமும் சரியும். கீழேயிருந்து ஒரு வண்டி அதை நோக்கி ஏறுவது சன்னலில் தெரிந்தது. தகடு புதுசாக இருந்ததால் யாருடையது என்று தெரிந்துவிட்டது.

ஒலிவாங்கியை எடுத்தேன். "மாமா, திரும்பிடுங்க, மேல போகாதீங்க" என்றேன். மாமனாரின் தம்பி, சின்ன மாமனார் குரல்தான் பதிலுக்கு வந்தது. "எந்த மாமா? கையுறைக்காரரா?" வண்டி ஏறிக்கொண்டே இருந்தது.

அப்போது பெயரைச் சொன்னேன். வெறும் பெயர், பின்னால் ஒரு மாமாகூடப் போடவில்லை. அதை இங்கே எழுத மாட்டேன், வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். "மூணாவது வளைவத் தாண்டாதீங்க. பின்னால வாங்க. திருப்பிச் சொல்லுங்க" என்றேன். மறுபடி பெயர். மறுபடி அதே செய்தி. அவர் திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் வண்டி நின்றது, பின்னால் வந்தது. அது இரண்டாவது வளைவுக்கு வந்த பிறகு மலை இறங்கியது. மூன்றாவது வளைவு இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு சரிவுதான் இருக்கிறது, அதன் குறுக்கேதான் புதுத் தடம் வெட்டியிருக்கிறார்கள்.

அவர் கீழே வந்து வண்டியை அணைத்தார். என்னைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து பேசவில்லை. நான் வைக்கும் ரொட்டியைத் தொடுவதில்லை.

அடுத்த மாதம் நௌரூஸ் வசந்தப் பண்டிகை அன்று பெரியவர்கள் எல்லோரும் வருவார்கள். அவர்கள் முன்னால் வெள்ளைத்துணி விரித்து, குனிந்து, நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். சின்ன மாமனார் சொல்லி அனுப்பினார். கேட்டால் சமையலில் வைத்துக்கொள்வார்கள். கேட்காவிட்டால் வேலையும் இல்லை, என்னை உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்றும் பேச்சு. மாமியார் துணியை மட்டும் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.

என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.
அக்கா

*

நரீன்,
23 பிப்ரவரி

அக்கா,

உன் கடிதத்தை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒளிக்கிற காலம் போய்விட்டது.

மன்னிப்புக் கேட்காதே. ஒரு மனுஷனை மலைக்கு அடியிலிருந்து பெயர் சொல்லி வெளியே இழுத்திருக்கிறாய். அதற்கு மன்னிப்பு வேண்டுமென்றால் மலை வந்து கேட்கட்டும். அவர் மானம் போய்விட்டதாம். மானம் போனால் தேடிக்கொள்ளலாம், ஆள் பனிக்கடியில் போயிருந்தால் வசந்தம் வரை தோண்ட வேண்டும்.

திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். உன் அறையில் நான் போட்டிருக்கும் குப்பையைப் பார்த்தால் நீயே ஓடிவிடுவாய், ஆனாலும் காலி செய்து வைக்கிறேன். அப்பா கட்டில் காலைச் சரிசெய்கிறார். அம்மா இதையும் எழுதச் சொல்கிறாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "குனியறது வழக்கம், குனிஞ்சுக்கோ. மன்னிப்பு வழக்கத்துல இல்ல. அது தப்பு செஞ்சவங்களுக்கு."

நம் அம்மாவா இது என்று எட்டிப் பார்த்தேன். அவள்தான்.

பூருல்

*

துமான் கணவாய்,
24 மார்ச்

அன்புள்ள பூருலுக்கும் அப்பா அம்மாவுக்கும்,

நலம். ஒரு முறைதான் எழுதுகிறேன், நம்பலாம்.

நௌரூஸ் அன்று வீடு நிறைய ஆட்கள். நடுவில் பெரிய அண்டாவில் பண்டிகைக் கூழ். மாமியார் வெள்ளைத்துணியை விரித்தார். நான் தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து, தினமும் காலையில் செய்வதுபோல மூன்று முறை குனிந்தேன். பிறகு நிமிர்ந்தேன். அப்படியே நின்றேன்.

"ம்… இப்ப கேளு" என்றார் சின்ன மாமனார்.

குரல் நடுங்கவில்லை, வயர்லெஸ் பழக்கம். "குனிஞ்சது பெரியவங்களுக்கு. மன்னிப்புக் கேக்க மாட்டேன்" என்றேன். "வீட்டுக்குள்ள அந்தப் பேர் என் வாய்ல வராது. பாதையில பனி இருந்தா நாளைக்கும் சொல்லுவேன். ஒங்க பேரையும் சொல்லுவேன். அனுப்பறதுன்னா இப்பவே அனுப்பிடுங்க, ஓஸ்மோன் லாரி வாசல்ல நிக்குது."

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். உன் அத்தான் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். பெரியவர்கள் எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் கூழ்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மாமியார் வாயைத் திறந்தார். முப்பது வருடமாக மாமனாரைத் 'தாலாயோட அப்பா' என்று மட்டும் கூப்பிட்டவர். அவர் சொன்னதை நான் எழுதாமல் எப்படிச் சொல்வது? எழுதிவிடுகிறேன்.

"இமான்காஸி" என்றார். கையில் அகப்பை இருந்தது. "காதுக்குள்ள பனி போயிடுச்சா? அந்தப் பொண்ணு ஒன்னத் திருப்பிச் சொல்லச் சொல்லி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் நிக்கிறா பாரு. அவ சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கு இந்த அண்டாவுல ஒனக்குக் கருமாதிச் சோறு. திருப்பிச் சொல்லு."

சின்ன மாமனாருக்குப் புரையேறியது. அவர் மனைவி முதுகில் தட்டிக்கொண்டே அவருடைய பெயரையும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள், மெதுவாக, ருசி பார்ப்பதுபோல.

மாமனார் பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தார். வயர்லெஸ்ஸில் பேசுவதுபோலவே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"மூணாவது வளைவத் தாண்டக் கூடாது. பின்னால வரணும்." நிறுத்தினார். "கேட்டுச்சு, சொனூன்."

பிறகு, இன்னும் கொஞ்சம் கூழ் ஊற்றச் சொன்னார்.

நேற்று நிலையத்துக்குப் போனேன், யாரும் வரச் சொல்லவில்லை. சபீர் மென்றுகொண்டிருந்தான். எழுந்திரு என்றேன், எழுந்தான். பொறியாளர் ஏதோ சொல்ல வந்து, சுவரிலிருந்த படத்தைப் பார்த்து, போய்விட்டார். காலை வரிசையில் நான்கு வண்டிகளையும் நான்கு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார், காத்திருந்தேன்.

அறையில் அடுப்பு சரியில்லை, கை விறைக்கிறது. ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் பெரிசு. மூன்று மாமாக்களும் பார்த்தார்கள், எது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

சொனூன்

*

நரீன்,
29 மார்ச்

சொனூன்,

ஆடுகளைப் பற்றி அடுத்த முறை கேட்கிறேன். விதிப்படி பெயர் சொல்லிவிட்டேன், இனி நீ அனுப்பிய செய்தியைத் திருப்பிச் சொல்கிறேன்: மன்னிப்புக் கேட்கவில்லை. அறையைப் பிடித்துக்கொண்டாய். கையுறை உன்னுடையது.

கேட்டது. இங்கே மூன்று பேருக்கும் கேட்டது. அம்மா சற்றுமுன் கொட்டிலைப் பார்த்து அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை, தன்னைத்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

பூருல்